அம்மா பேசாமலிருந்த ஞாயிற்றுக்கிழமைகள்

யாராவது தொலைபேசியில் “கேக்குதா?” என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சொல்லைக் கேட்டேன், நானும் சொன்னேன். கேட்கிறதா என்று கேட்பதற்காகவே ஒரு குடும்பம் அழைப்பெடுத்துக்கொண்டிருந்தது.

தம்பி ஜேர்மனியில் இருக்கிறான். கம்பியூட்டர் வேலை. நானும் அம்மாவும் கல்லடியில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில், அப்பா கட்டிவிட்டுப் போன வீட்டில் இருக்கிறோம். நான் பக்கத்துப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் அற்றென்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளினிக் நாட்களில் வாசலில் நின்று நோயாளர்களின் இலக்கம் கூப்பிடுவதுதான் கடைசி வருடங்களில் அவருடைய வேலை. ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தபோதும் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வாயால்தான் கூப்பிடுவார். வெளியே தேநீர்க் கடையில் இருப்பவர்கள்கூடக் கேட்டு எழும்பி வருவார்கள். அப்படியொரு குரல். இந்தக் கதையில் அது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மற்ற எல்லோரையும் போல நாங்களும் என் கைத்தொலைபேசியில், முகம் பார்த்துத்தான் கதைத்தோம். தம்பி சோறு சாப்பிடுவதை அம்மா பார்ப்பார். அம்மா மீன் வெட்டுவதைத் தம்பி பார்ப்பான். பிறகு ஒருநாள் அவன் அதெல்லாம் வேண்டாம் என்றான்.

“கொம்பனிக்காரன் எல்லாத்தையும் ஒட்டுக் கேக்கிறான் அக்கா. நாங்க கதைக்கிறத வச்சுத்தான் அவங்கட யாவாரமே நடக்கு.”

“நீயும் அம்மாவும் கத்தரிக்காய்க் கறியப் பத்திக் கதைக்கிறத அவன் கேட்டு என்ன செய்யப்போறான்?”

“அது இல்ல விசயம். கொள்கை எண்டு ஒண்டு இரிக்கு.”

கொள்கை வந்த பிறகு அவன் தன் தொலைபேசியில் இருந்த அப்படிப்பட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டான். தன் வீட்டிலேயே, அழைப்புகளைக் கடத்திவிடும் ஒரு சேவர் கம்பியூட்டர் வைத்து, அதன் வழியாக மட்டுமே கதைப்பது என்று முடிவெடுத்தான். அதற்காக, கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் எங்களுக்கு ஒரு கருவி கொடுத்தனுப்பினான். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளக்கூடிய கம்பியூட்டர். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு இருக்கும். திறந்தால் மேலே சின்னத் திரை, கீழே எழுத்துப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் பயறு அளவு. கமரா கிடையாது. உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளம்.

“இதென்ன மகள், கல்குலேட்டரா?” என்று கேட்டார் அம்மா. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் கல்குலேட்டர்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்னேரம் குளித்து, தோய்த்து மடித்த சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு மேசையடியில் வந்து இருந்தார். அழைப்பு வந்தது, எடுத்தேன். திரையில் நொடிகள் ஓடின. சத்தம் மட்டும் இல்லை. சிறிது நேரத்தில் என் சாதாரணத் தொலைபேசி அடித்தது. தம்பிதான்.

“அக்கா, டேர்மினலத் திறங்க.”

திறந்தேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை. அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். பயறு அளவுப் பொத்தான். என் விரல் ஒன்றை அமர்த்தினால் இரண்டு விழும். மூன்றாம் தரம் சரியாக வந்தபோது சத்தத்தின் அளவைக் காட்டும் சில தூண்கள் தெரிந்தன.

“தூணுக்குக் கீழ எம் எம் எண்டு கிடக்கா?”

“கிடக்கு.”

“அது வாயடச்சுக் கிடக்கு எண்டு அர்த்தம். எம்ம அமத்துங்க.”

“எந்தத் தூணில? எல்லாத்திலயும் கிடக்கு.”

அவன் பெருமூச்சு விட்டான். எனக்கு அந்தப் பெருமூச்சு அப்போதே பிடிக்கவில்லை. சாதாரணத் தொலைபேசியில் ஒருவர் குரல் ஒருவருக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்க, கதைப்பதற்கு என்று வந்த கருவி ஏன் கதைக்கவில்லை என்று அந்தப் பின்னேரம் முழுவதும் ஆராய்ந்தோம். அம்மா என் தொலைபேசிக்குக் கை நீட்டினார். “நான் ஒரு சொல்லுக் கதைக்கிறனே” என்றார். “இருங்க அம்மா, இத முடிச்சிட்டுக் கதைப்பம்” என்றான் தம்பி. முடிந்தபோது அவனுக்கு எங்கோ போக நேரமாகிவிட்டது. பிரச்சினை என்னவென்றால், அந்தக் கருவியைத் தொலைக்காட்சியோடு கொழுவுவதற்கு ஒரு துவாரம் உண்டு. சத்தமெல்லாம் அந்தத் துவாரத்தின் வழியே, அங்கே இல்லாத தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தடுத்த கிழமைகளில் ஒவ்வொரு கோளாறாக வந்தது. ஒரு கிழமை அவன் கதைப்பது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் கதைப்பது அவனுக்குக் கேட்கவில்லை. ரவுட்டர் என்றான். மேசையிலிருந்த அந்த இணைய இணைப்புப் பெட்டியின் அமைப்புகளுக்குள் போய், விளங்காத இலக்கங்களை மாற்றினேன். அது சரிவர, எதிரொலி வந்தது. அம்மா ஒன்று சொன்னால், அதே சொல் கொஞ்சம் பிந்தி அம்மாவிடமே திரும்பி வந்தது. அம்மா பாதியில் நிறுத்திவிடுவார்.

“ஆரோ என்னப் போலக் கதைக்கிறா மகள். அவ முடிக்கட்டும்.”

“அது நீங்கதானம்மா.”

“நானா? என்ட குரல் இப்பிடியா இரிக்கு?”

இப்படியே போனது. அம்மா சேலை உடுத்துக்கொண்டு வந்து இருப்பார். “கேக்குதா அம்மா?” “கேக்குது மகன்.” “இப்ப?” “கேக்குது.” “இப்ப கொஞ்சம் கூடவா குறையவா?” அவ்வளவுதான் தாயும் மகனும் கதைத்தது. ஒருநாள் எல்லாம் முடிந்து கருவியை மூடிய பிறகு அம்மா சொன்னார்: “இண்டைக்கு அவன் என்ன சாப்பிட்டானெண்டு கேக்க மறந்திட்டன், பாரு.” அவர் மறக்கவில்லை. அவன் கேட்கவிடவில்லை.

கடைசிக் கோளாறு எங்கள் வீடு. வீட்டில் சத்தம் அதிகம் என்றான் தம்பி. மின்விசிறி, காகம், பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டு, அடுத்த வீட்டு நாய், யன்னலில் அடிக்கும் கச்சான் காற்று. ஊரை விட்டுப் போகும்வரை இதெல்லாவற்றுக்கும் நடுவில்தான் அவன் படித்தான், நித்திரை கொண்டான். இப்போது அவனுக்கு அது இரைச்சல். தன் வீட்டிலிருந்தபடியே எங்கள் கருவிக்குள் புகுந்து ஏதோ ஒரு வடிகட்டியைப் போட்டுவிட்டான்.

“இது மனிசக் குரல மட்டும்தான் விடும் அக்கா. மிச்சத்தையெல்லாம் வெட்டிப் போட்டுரும். கதைங்க பாப்பம்.”

கதைத்தேன்.

“ஆஹா. ஸ்டூடியோவுக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இரிக்கு.”

அதன் பிறகு சில கிழமைகள் நன்றாகத்தான் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா தன் பழைய ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொன்னார், தம்பி சிரித்தான். கொள்கையால் வந்த கரைச்சல் ஒருவழியாக முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைரொயிட் என்றார்கள், வெட்ட வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிறது, எவ்வளவு கவனமாக வெட்டினாலும் சிலருக்குக் குரல் பாதிக்கும் என்று டொக்டர் முன்கூட்டியே இருத்தி வைத்துச் சொன்னார். கட்டி போனது, உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரலும் போனது. முழுவதும் போகவில்லை. பாதி காற்றும் பாதி சத்தமுமாக, கரகரவென்று, தூரத்தில் யாரோ ஓலை இழுத்துக்கொண்டு போவது போல ஒரு குரல் மிச்சமிருந்தது. பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஆறு மாதம் பார்ப்போம், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், அப்படியும் வராவிட்டால் கொழும்பில் இன்னொரு சிறிய ஒப்பரேசன் செய்யலாம், விருப்பமென்றால் மட்டும் என்றார் டொக்டர். தம்பிக்கு, குரல் கொஞ்சம் அடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எனக்கு அந்தக் குரல் நாலைந்து நாளில் பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் வெட்கம். யாரும் வீட்டுக்கு வந்தால் கையால் காட்டுவார், தலையாட்டுவார், வாயே திறக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பிலும் நான் பக்கத்தில் நிற்பதை அவர் விரும்பவில்லை. அதனால் நான் அழைப்பை எடுத்து, தம்பியோடு இரண்டு சொல் கதைத்து, கேட்கிறது என்று அவன் சொன்னதும் கருவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். உடுப்புத் தோய்ப்பேன், இல்லாவிட்டால் பிள்ளைகளின் கொப்பி திருத்துவேன். ஒவ்வொரு கிழமையும் சத்தம் சரியா என்று பார்த்தது என் குரலை வைத்து. அது என் மண்டைக்கும் தம்பியின் மண்டைக்கும் ஏறவில்லை.

சில கிழமைகள் போக, அம்மா ஒரு மாதிரி ஆனார். சேலை உடுத்துவது நின்றது. வீட்டுச் சட்டையோடேயே போய் இருந்தார்.

“அவனுக்கு என்னோட கதைக்க விருப்பமில்ல போல” என்றார்.

“ஏன் அப்பிடிச் சொல்றீங்க?”

“நான் ஒண்டு கேட்டா அவன் வேற ஒண்டு சொல்றான். நான் கதைச்சு முடிக்க முந்தி அவன் கதைக்கத் தொடங்கிர்றான். என்ட குரலக் கேக்க அவனுக்கு அருக்குளிப்பா, அருவருப்பா இரிக்கும். இரிக்கும்தானே.”

அதே நாட்களில் தம்பியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அம்மா ஒன்றுமே பேசுவதில்லை, சும்மா இருக்கிறார், மனச்சோர்வாக இருக்கலாம், யாரிடமாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று எழுதியிருந்தான். கூடவே மனச்சோர்வைப் பற்றி வாசிக்க நாலு இணைப்புகள். எனக்கு எரிந்தது. அம்மாவைக் கதைக்கவிடாமல் தானே கதைத்துவிட்டு, அவருக்கு ஒரு நோயும் கண்டுபிடித்திருக்கிறான்.

பிறகு ஒரு ஞாயிறு, உடுப்புக் கொழுவும் கிளிப்பை எடுக்க உள்ளே வந்தேன். அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அம்மா கருவியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மகன், அந்தக் கொழும்பு ஒப்பரேசனுக்கு நான் போகவா, வேணாமா? எனக்கெண்டா இந்தக் குரல் போதும். உனக்கு என்ட பழைய குரல் வேணுமெண்டாச் சொல்லு. போறன்.”

கருவிக்குள்ளிருந்து தம்பியின் குரல் கணீரென்று வந்தது. “அம்மா? இரிக்கிறீங்களா? ... சரி, களைச்சிப் போயிட்டீங்க போல. நான் இஞ்ச ஒரு சைக்கிள் வாங்கினன் அம்மா. வேலைக்கு அதிலதான் போறன். நல்ல சைக்கிள்...”

அம்மா பொறுத்திருந்து இரண்டாம் தரமும் கேட்டார். அதே கேள்வி. இடையில் மூச்சு முட்டியது.

“ஓம் அம்மா, ரெஸ்ட் எடுங்க” என்றான் அவன். மறுபடி சைக்கிள். கியர் எத்தனை, மழையில் ஓடலாமா என்பதெல்லாம்.

நான் கதவடியில் நின்றேன். இவனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தோமா என்று இருந்தது. உள்ளே போய் அந்தக் கருவியைப் பறித்து, கல்லடிப் பாலத்துக்குக் கொண்டுபோய் வாவிக்குள் எறிந்துவிட்டு வரலாம் போல வெறி வந்தது. அம்மா “சரி மகன்” என்று சொல்லி மூடும்வரை நின்றேன்.

“எத்தின தரம் இதக் கேட்டிருக்கிறீங்க?”

“ஒவ்வொரு கிழமையும்தான் கேக்கிறன். அதுக்கு மட்டும் அவன் வாய் திறக்கிறானில்ல. அதுதான் அவன்ட பதில் எண்டு விளங்கிக்கிட்டன்.”

அடுத்த நாள் பாடசாலையில் இடைவேளையின்போது, எங்களோடு கம்பியூட்டர் படிப்பிக்கும் ஆசிரியையிடம் இதைச் சொல்லித் தம்பியைத் திட்டித் தீர்த்தேன். காத்தான்குடிப் பெண். கணவர் கத்தாரில். கல்யாணம் முடித்த காலத்தில் பாதிக்கு மேல் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தியவர். நான் திட்டி முடிக்கும்வரை வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மிஸ், அவருக்குக் கேட்டிச்சா எண்டு பாத்தீங்களா?”

“நான் கதைச்சா நல்லாக் கேக்குதே.”

“நீங்க கதைச்சா சரி. உங்கட உம்மா கதைச்சா? எங்கட மனுசன் ஒருக்கா ‘பெருநாளைக்கு வாறன்’ எண்டு சொன்ன. எனக்கு ‘வாறல்ல’ எண்டு கேட்டிட்டு. ஒரு கிழமையா நான் கோலே எடுக்கல்ல. அந்த மனுசன் அங்க அழுதிட்டு இரிந்திருக்கார். ஆக்கள ஏசுறத்துக்கு முந்தி லைன ஒருக்கா பாருங்க மிஸ்.”

அன்றைக்கே என் தொலைபேசியில் அதே வகை அழைப்புச் செயலி ஒன்றைப் போட்டு, வீட்டுக் கருவியிலிருந்து என் தொலைபேசிக்கே எடுக்கக்கூடியதாகச் செய்து தந்தார்.

பின்னேரம் கருவியை அம்மாவின் முன்னால் வைத்து, “சும்மா ஏதாவது கதையுங்க” என்று சொல்லிவிட்டு, நான் பின்வளவில் முருங்கை மரத்தடியில் போய் நின்று தொலைபேசியைக் காதில் வைத்தேன். யன்னலால் அம்மாவின் முகம் தெரிந்தது. உதடு அசைகிறது. கை ஆட்டி என்னவோ விளக்குகிறார். என் காதில் ஒன்றுமில்லை. மின்விசிறி இல்லை, காற்று இல்லை, அம்மாவும் இல்லை. அழைப்பு அறுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது அடுத்த வீட்டுப் பெண் தன் மகனை ஏசினாள்: “டேய், செருப்பப் போட்டிட்டுப் போடா!” அது என் தொலைபேசியில் தெளிவாக வந்து விழுந்தது. மதிலுக்கு அப்பால் நிற்கும் அவள் மனிசி. மேசைக்கு முன்னால் இருக்கும் என் தாய் அந்த வடிகட்டிக்கு மின்விசிறி.

இத்தனை கிழமையாக அம்மா மூச்சு முட்டக் கேட்டதையெல்லாம் இது ஒவ்வொரு சொல்லாக நறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறது. ஒருவரும் ஒட்டுக்கேட்காத அழைப்பு வேண்டும் என்றான் தம்பி. அவனும் கேட்காத அழைப்பு கிடைத்திருக்கிறது.

உள்ளே போனேன்.

“கேட்டுதா மகள்?”

“இல்லம்மா. எனக்கும் கேக்கல்ல, அவனுக்கும் கேட்டிருக்காது. நீங்க கேட்ட ஒண்டும் அவனுக்குப் போய்ச் சேரல்ல.”

அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. “அப்ப அவன் வேணுமெண்டு பதில் சொல்லாம விடல்ல?”

“இல்ல.”

“அதானே. என்ட புள்ள அப்பிடிச் செய்யமாட்டான்.” எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார். அன்றிரவு வெகுநாட்களுக்குப் பிறகு ரசித்துச் சாப்பிட்டார்.

தம்பிக்கு நான் எழுதவில்லை. எழுதினால் அவன் உள்ளே புகுந்து இன்னும் எதையாவது போடுவான். காத்தான்குடி ஆசிரியை வீட்டுக்கே வந்து, அந்த வடிகட்டி எந்த இடத்தில் ஏறுகிறது என்று தேடிப் பிடித்துக் காட்டினார். அந்த ஒரு கட்டளை வரியைச் செயலிழக்கச் செய்து, கருவியை நிறுத்தித் திரும்பத் தொடங்கினோம். மறுபடி முருங்கை மரத்தடி. இந்த முறை எல்லாம் வந்தது. விசிறி கடகடத்தது, காகம் கத்தியது, யன்னல் அடித்தது. அதற்கு நடுவில் மெல்லிய கோடு போல அம்மாவின் குரல். “இப்பவும் கேக்காட்டி இதத் தூக்கிக் குப்பைல போடு மகள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியை சிரித்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. அம்மா தோய்த்து வைத்த சேலையை உடுத்தார். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அழைப்பை எடுத்ததும் தம்பி கத்தினான்.

“என்னக்கா இது சத்தம்? சந்தைக்குள்ளயா நிக்கிறீங்க?”

“வீட்டுக்குள்ளதான். அம்மா கதைக்கிறா, வாய மூடிக்கொண்டு கேளு.”

“மகன்” என்றார் அம்மா.

“அம்மா, உங்கட குரல் இப்பிடியா போயிட்டு?” என்றான். அந்த ஒரு வசனம் சொன்னபோது அவன் பழைய தம்பியாக இருந்தான். எனக்குக்கூட நெஞ்சு இளகியது.

“இப்பிடித்தான் மகன். கேக்குதுதானே, அது போதும். நான் உன்னட்ட ஒண்டு கேக்கோணும்.” அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். கொழும்புக்குப் போகவா வேண்டாமா, உனக்கு என் குரல் வேண்டுமா. ஒரு சொல்லும் விடாமல், அவசரப்படாமல். கேட்டுவிட்டுக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் பாண்கார ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போய் முடிந்தது. தம்பி பேசவில்லை. இந்த முறை எந்த வடிகட்டியும் இல்லை.

“அக்கா,” என்றான் கடைசியில், “அந்த ஃபில்டர நிப்பாட்டினது நீங்களா?”

“ஓம்.”

“என்னக் கேக்காம ஏன் கை வச்சீங்க? அதில ஒரு அளவு இரிக்கு, அதக் கொஞ்சம் குறைச்சாச் சரி. ரெண்டு நிமிச வேல.”

“அம்மா கேட்டது கேட்டுதா இல்லையா?”

“கேட்டுது, கேட்டுது. அது டொக்டர்மார் முடிவெடுக்கிற விசயம். ரிப்போட்ட ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, பாத்திட்டுச் சொல்றன்.”

“நான் டொக்டரக் கேக்கல்ல மகன்” என்றார் அம்மா.

“அம்மா, பின்னால சத்தம் கூட, தல இடிக்குது. முதல்ல நான் இதச் சரி பண்ணுறன். பொறுங்க.”

சின்னத் திரையில் கறுப்புச் சதுரம் ஒன்று திறந்தது. யாரும் தொடாமலே அதில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. தம்பி உள்ளே வந்துவிட்டான். அங்கிருந்து அடிக்கிறான், அழிக்கிறான், திரும்ப அடிக்கிறான். விசைப்பலகைச் சத்தம்கூடக் கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் அந்த எழுத்துகள் ஓடுவதைப் பார்த்தார். பிறகு எழும்பி, “சோறு அடிப்பிடிக்கும்” என்று சொல்லிக் குசினிக்குள் போனார். அடுப்பில் அப்போது சோறு இருக்கவில்லை. நான் கருவியை மூடினேன்.

அன்று அவனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதில் எழுதியதை இங்கே எழுதமுடியாது. பதில் நீளமாக, இணைப்புகளோடு வந்தது. பேச்சு எது, இரைச்சல் எது என்று அந்த வடிகட்டி எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பற்றியே பெரும்பாலும் எழுதியிருந்தான். கடைசியில் மட்டும் ஒரு வரி: அம்மாவின் அந்தக் குரலைக் கேட்க என்னால் முடியவில்லை அக்கா, கேட்டுக்கொண்டிருக்கும்போது எதையாவது பழுதுபார்க்க வேண்டும் போல இருந்தது.

அந்த வரியை வாசித்தால் அவன் மேல் இரக்கம் வர வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு துளிகூட வரவில்லை. காலையில் எழும்பியதும் நான் கேட்கும் முதல் சத்தம் அந்தக் குரல்தான். அதைக் கேட்க முடியாது என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. அருவருப்புத்தான் வந்தது, அந்த வரியைப் பதிலின் கடைசியில், இணைப்புகளுக்கெல்லாம் கீழே வைத்திருந்ததில் இன்னும் அதிகம்.

அம்மா கொழும்புக்குப் போகவில்லை. கிளினிக் நாளில் தானே டொக்டரிடம் சொன்னார். “எனக்கு இது போதும் ஐயா. நான் இனி இலக்கம் கூப்பிடப் போறல்ல.” பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தார். விடிய எழும்பி வாசலில் நின்று ஆ, ஈ என்று நீட்டுவார். குரல் கொஞ்சம் தேறியிருக்கிறது. சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் காற்றுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் நின்றன. தம்பி பொதியில் ஒரு மைக் அனுப்பினான், சட்டைக் கழுத்தில் கொழுவிக்கொள்ளச் சொல்லி. அம்மா அதை வெளியே எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. கருவியைப் பாடசாலைக் கம்பியூட்டர் அறைக்குக் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் போய், ஒரு வேலை நாள் பின்னேரத்தில், அம்மாவின் பழைய பொத்தான் தொலைபேசி அடித்தது. சாதாரண அழைப்பு, வெளிநாட்டு இலக்கம். நான்தான் எடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் என்று கண்ணால் கேட்டார், சொன்னேன். “நான் வெளிய போயிட்டன் எண்டு சொல்லு” என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

“அக்கா,” என்றான் தம்பி, “அம்மா சொன்னது கேட்டிட்டு.”

தொலைபேசியை அம்மாவின் பக்கம் நீட்டினேன். அம்மா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். “ஓம், பொய்தான் சொன்னனான். இப்ப என்ன?” என்றார். அவன் என்னவோ சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “சாப்பிட்டியா?” என்றார்.

இப்போது கிழமைக்கு ஒருதரம், சில நேரம் இரண்டு தரம் அப்படி எடுக்கிறான். கரகரப்பும் இரைச்சலுமாகத்தான் இருக்குமாம், இருந்தும் கதைக்கிறார்கள். அம்மாவுக்கு அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. அழைப்பு வந்தால் எடுத்து, பெயருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு, தொலைபேசியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறேன்.